சட்டைப் பையா, தோள் பையா? கேமரா கேள்வி பதில்

இம்முறை கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் மட்டும்.

மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்: பணி ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. ஊசுடேரிக்கும் பெருமாள் ஏரிக்கும் மாதம் இரண்டு முறையாவது போகிறேன். சட்டைப் பையில் அடங்கும் கேனான் எஸ்எக்ஸ்740 போதும், அதிலேயே 40 மடங்கு ஜூம் இருக்கிறது என்கிறாள் மகள். கடைக்காரரோ 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி950 பிரிட்ஜ் கேமராவைக் (லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் கேமரா) காட்டுகிறார். பேரப்பிள்ளைகளையும் கோயில் திருவிழாவையும்கூட எடுக்க ஆசை. எதை வாங்கலாம்?

பறவைதான் முதல் என்றால் பி950. ஆனால் 40-ஐவிட 83 பெரியது என்பதற்காக அல்ல.

'இத்தனை மடங்கு' என்பது வெறும் வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரம் 24 மி.மீ.யில் தொடங்கி 960 மி.மீ.யில் முடிந்தால் 40 மடங்கு. 20-இல் தொடங்கி 1200-இல் முடிந்தால் 60 மடங்கு. 24-இல் தொடங்கி அதே 1200-இல் முடிந்தால் 50 மடங்குதான். தூரத்துப் பறவைக்கு இந்த இரண்டும் ஒன்றே. ஆகவே மடங்கை விட்டுவிட்டு, '35 மி.மீ.க்குச் சமானம்' என்று போட்டிருக்கும் எண்களில் பெரிய எண்ணைப் பாருங்கள். எஸ்எக்ஸ்740-க்கு அது 960, பி950-க்கு 2000.

அந்த எண்ணை வைத்து வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். 36-ஐ அந்த எண்ணால் வகுத்து, பறவை இருக்கும் தூரத்தால் (மீட்டரில்) பெருக்குங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மீட்டர் அடங்கும் என்று தெரிந்துவிடும். ஏரிக்கரையில் நிற்கிறீர்கள், 50 மீட்டர் தள்ளி ஒரு பட்டுப்போன கிளையில் வெண்மார்பு மீன்கொத்தி. 200 மி.மீ. லென்ஸில் படத்தின் அகலம் 9 மீட்டர், 28 செ.மீ. பறவை அதில் ஒரு நீலப் புள்ளி. 600-இல் 3 மீட்டர். 960-இல் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். 2000-இல் 90 செ.மீ., அதாவது படத்தின் மூன்றில் ஒரு பங்கு பறவைதான். கூழைக்கடாவுக்கு இவ்வளவு தேவையில்லை, 600-லேயே நிறைந்து நிற்கும். நீங்கள் அதிகம் பார்ப்பது மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கதிர்க்குருவி வகையறா என்றால் 1200-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

960 கிடைக்கிறதே, பாக்கெட் கேமரா போதாதா என்று மகள் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. பின்புறத் திரையைப் பார்க்கக் கேமராவை முகத்திலிருந்து ஓரடி தள்ளிப் பிடிக்க வேண்டும். 960 மி.மீ.யில் கையின் சிறு நடுக்கமும் பறவையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். காலை பத்து மணி வெயிலில் ஏரிக்கரையில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், பறவை தெரியாது. பிரிட்ஜ் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துப் புருவத்தோடு அழுத்திக்கொள்ளலாம். மூன்று இடத்தில் பிடிமானம். வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும், அதைத் திருப்பி உங்கள் கண் பவருக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டால் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேட வேண்டாம். இதைச் செய்யாமலே 'வியூஃபைண்டர் மங்கல்' என்று கேமராவைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

இனி, கடைக்காரர் சொல்லாத சங்கதி. இந்த இரண்டு கேமராவிலும் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஒரே அளவு. 1/2.3 இன்ச் என்று பெயர். உண்மை அளவு 6.2-க்கு 4.6 மி.மீ., ஓர் உளுந்தைவிடச் சற்றுப் பெரிது. ஜூம் முழுக்க நீட்டினால் லென்ஸின் திறப்பு பி950-இல் எஃப்/6.5, எஸ்எக்ஸ்740-இல் எஃப்/6.9 (இந்த எண் கூடினால் திறப்பு சிறிது, வெளிச்சம் குறைவு). இரண்டுமே வெளிச்சத்துக்கு ஏங்குகிற கேமராக்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பாடலீஸ்வரர் கோயில் தேரடியிலோ, டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் பேத்தியையோ எடுத்தால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் இருக்கும். அந்த நேரத்துக்கு உங்கள் போனே மேல்.

எடையையும் யோசியுங்கள். பாக்கெட் கேமரா 299 கிராம், பி950 ஒரு கிலோ. கொடுக்கும் கழுத்துப்பட்டையில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் நடக்க முடியாது. தோளுக்குக் குறுக்கே போடும் அகலப் பட்டை தனியே வாங்குங்கள். ஒரு சார்ஜுக்குச் சுமார் 290 படம் என்பது நிறுவனக் கணக்கு. பறவைக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் வியூஃபைண்டர் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கு முன்பே தீரும். இரண்டாவது பேட்டரி அவசியம்.

பறவை, திருவிழா இரண்டும் ஒரே கேமராவில் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வழி 1 இன்ச் சென்சார் உள்ள பிரிட்ஜ் கேமரா. சோனி ஆர்எக்ஸ்10-இன் நான்காம் பதிப்பு (2017) 24–600 மி.மீ., எஃப்/2.4–4, எடை 1095 கிராம். பானாசோனிக் எஃப்இசட்1000 (2014) 25–400, எஃப்/2.8–4, எடை 831 கிராம். சென்சார் பரப்பு நான்கு மடங்கு. லென்ஸ் திறப்பையும் சேர்த்தால், முழு ஜூமில் பி950-க்குக் கிடைக்கும் வெளிச்சத்தைப்போல் சோனிக்குச் சுமார் பத்து மடங்கு. ஆனால் எட்டுவது 600 அல்லது 400 வரைதான், விலையும் அதிகம். உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பகலுக்கு பி950, இரவுக்குப் போன்.

முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி: நல்ல போன் இருக்கும்போது காம்பாக்ட் கேமரா எதற்கு? வெள்ளை நகரத் தெருக்கள், மாசி மகம், பயணம் இவைதான் நான் எடுப்பவை.

பழைய பாணி காம்பாக்ட் எதற்கும் வேண்டாம். 1/2.3 இன்ச் சென்சார், 5 அல்லது 8 மடங்கு ஜூம் என்று வருகிறதே, அந்த வகையைப் போன் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. விலை உயர்ந்த போன்களின் முதன்மைக் கேமராவில் 1/1.3 இன்ச் சென்சார் சர்வசாதாரணம். பரப்பில் அது இரண்டு மடங்குக்கும் மேல். பழைய டிஜிட்டல் கேமராவின் 'அந்தக் காலத்து' நிறத்துக்காக இளைஞர்கள் இப்போது அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அது ரசனை, அதோடு சண்டை போட முடியாது. படத்தின் தரத்துக்காக என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

போனை மிஞ்சுவது 1 இன்ச் சென்சார் காம்பாக்ட். சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. இதில் இரண்டு கிளை உண்டு. சோனி ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பதிப்புகள் 24–70 மி.மீ., எஃப்/1.8–2.8. கேனான் ஜி7 எக்ஸ் மூன்றாம் பதிப்பு 24–100, அதே எஃப்/1.8–2.8. இவை தெருவுக்கும் இரவுக்கும். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும் ஊரில் அதற்கு மேல் ஜூம் எதற்கு? ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு (2019) 24–200 வரை போகும், ஆனால் எஃப்/2.8–4.5. வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத்தன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, தீர்த்தவாரிக்கு வந்த சுவாமியின் முகத்தை எடுக்க 200 உதவும். பகலில்தானே நடக்கிறது, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்தால் எனக்கு 200 தான் சரியாகப் படுகிறது. எடை 302 கிராம், குட்டி வியூஃபைண்டர் உள்ளேயிருந்து எழும்பும். பேட்டரி மட்டும் சோப்ளாங்கி: 260 படம்.

வில்லியனூர் வாசகர்: பானாசோனிக் எஃப்இசட்82 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. முழு ஜூமில் எடுத்த பறவைப் படம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. கேமராவில் கோளாறா?

முதலில் ஒரு சோதனை. காலை ஏழு மணிக்கு வீட்டு மொட்டை மாடியில் கேமராவைக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு துணி மூட்டையில் அழுத்தி வையுங்கள். பத்து மீட்டர் தள்ளிக் கொடியில் ஒரு செய்தித்தாளைக் கிளிப் போட்டு விறைப்பாகத் தொங்கவிட்டு, முழு ஜூமில், 2 விநாடி டைமரில் எடுங்கள். எழுத்து வாசிக்கும்படி வந்தால் கேமரா நலம். பெரும்பாலும் வரும்.

அப்படியானால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் கானல். ஏரிக்கரை, உப்பளம், வயல்வெளி எங்கும் வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து சூடான காற்று அலையலையாக எழும். உங்கள் கேமராவின் 1200 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவதுபோல அந்த அலையையும் பெரிதாக்கும். ஒன்பது மணிக்கு மேல் 100 மீட்டர் தாண்டிய பறவை, எந்த விலைக் கேமராவிலும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல்தான் தெரியும். தொடர்ந்து பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் கானல். ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். பறவைக்குப் பின்னாலுள்ள கோரைப்புல் தெளிவாக இருந்து பறவை மட்டும் மங்கினால் ஃபோகஸ்.

கானலுக்கு மருந்து விடியற்காலையும் கிட்டப் போவதும்தான். (கூடு கட்டும் பருவத்தில் கிட்டப் போகாதீர்கள். தாய்ப் பறவை எழும்பினால் காகம் காத்திருக்கும்.) மற்ற இரண்டுக்கும் கேமராவிலேயே வழியிருக்கிறது.

மேலேயுள்ள சக்கரத்தை ஆட்டோவிலிருந்து 'எஸ்'-க்கு (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் நிலை) திருப்புங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600. நடுக்கத் தடுப்பு இல்லாவிட்டால் 1200 மி.மீ.க்கு 1/1200 வேண்டும் என்பது பழைய விதி. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பறவை தலையைத் திருப்புவதைத் தடுக்காது. அதனால்தான் 1/60-இல் எடுத்த படத்தில் கிளை தெளிவு, தலை கலங்கல். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்ச வரம்பை 800-இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் இறகின் இழை அழிந்து மெழுகுபோல் ஆகிவிடும்.

ஃபோகஸ் கட்டம் பல புள்ளியில் இருந்தால் கேமரா பறவையை விட்டு முன்னாலுள்ள நாணலைப் பிடித்துக்கொள்ளும். ஒரே புள்ளி, நடுவில், அளவைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம், இன்டெலிஜென்ட் ஜூம் இரண்டையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். அவை இருப்பதை வெட்டிப் பெரிதாக்குகின்றன, அதை வீட்டுக்கு வந்து நீங்களே செய்யலாம். தொடர்ச்சியாக ஐந்தைந்து படமாக எடுங்கள். அதில் மூன்றாவதோ நான்காவதோதான் தெளிவாக வரும், ஏனென்றால் முதல் படத்தில் பொத்தானை அழுத்திய அதிர்வு இருக்கும்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்/8-க்குக் குறைத்தால் தெளிவு கூடும் என்று பெரிய கேமராக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கேமராவில் நேர்மாறு. சின்னத் துளை வழியே வரும் ஒளி விளிம்பு விளைவால் விரிகிறது. முழு ஜூமில் அதன் முழுத் திறப்பான எஃப்/5.9-லேயே அந்த ஒளி வட்டம் ஏறக்குறைய 8 மைக்ரான். உங்கள் சென்சாரின் ஒரு பிக்சலோ ஒன்றேகால் மைக்ரான்தான். அதாவது ஒரு புள்ளி ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவியாகிவிட்டது. மேலும் துளையைச் சுருக்கினால் இன்னும் பரவும். எப்போதும் முழுத் திறப்பிலேயே வையுங்கள்.

பறவை சட்டத்தில் அகப்படவில்லை என்றால் ஜூமைக் குறைத்து, பறவையை நடுவில் வைத்து, அசையாமல் ஜூமை ஏற்றுங்கள். நிக்கானின் பி வரிசையில் இதற்கென்றே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ஜூம் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

கடலூர் முதுநகர் வாசகர்: சில்வர் பீச்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது பாக்கெட் கேமராவின் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. ஆன் செய்தால் 'கர்' என்ற சத்தம், பிறகு 'லென்ஸ் பிழை' என்று காட்டுகிறது.

மணல். பாக்கெட் கேமராவின் லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் மூன்று குழாய்கள், இடைவெளி மயிரிழைதான். வெளியே நீளும்போது காற்றை உறிஞ்சும், காற்றோடு தூசியும் உள்ளே போகும். ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே போதும், குழாயைத் தள்ளும் குட்டி பிளாஸ்டிக் பற்சக்கரம் திணறும்.

மறுபடி மறுபடி ஆன் செய்வதை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் பல்லை உடைக்கும் முயற்சி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயரால் குழாய் இடுக்கைச் சுற்றிச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் மணலை ஒட்டவைக்கும். மெல்லிய தூரிகையால் இடுக்கைத் தடவலாம். ஊசி, சேஃப்டி பின், எண்ணெய் மூன்றும் ஆகாது. பிறகு பேட்டரியைப் போட்டு, கவிழ்த்த நிலையிலேயே ஒருமுறை ஆன் செய்யுங்கள். நின்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள், ஃப்ளாஷுக்கான கெபாசிட்டர் பேட்டரியைக் கழற்றிய பின்னும் ஷாக் அடிக்கும்.

பிரிட்ஜ் கேமராவிலும் குழாய் நீளத்தான் செய்யும், ஆனால் முன்னால் ஃபில்டர் மாட்ட மரை உண்டு (பி950-க்கு 67 மி.மீ., எஃப்இசட்1000-க்கு 62). முன் கண்ணாடிக்கு அது காவல். குழாய் இடுக்குக்கு அல்ல. கடற்கரைக் காற்றில் பாக்கெட் கேமராவை ஜிப் கவரில் வைத்திருந்து எடுக்கும்போது மட்டும் வெளியே எடுப்பதே நல்லது. சட்டைப் பையின் அடியில் சேரும் பஞ்சும் நூலும்கூட இதே வேலையைச் செய்யும், பையை அவ்வப்போது உதறுங்கள்.

பாகூர் வாசகி: நிலாவை எடுத்தால் வெள்ளைத் தட்டுதான் வருகிறது.

கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. நிலா வெயிலில் கிடக்கும் பாறை, பகல் காட்சிக்கான அளவே போதும். 'எம்' நிலையில் (எல்லாவற்றையும் நாமே வைப்பது) ஐஎஸ்ஓ 100, எஃப்/6.5, ஷட்டர் 1/250, இது பௌர்ணமிக்கு. அஷ்டமிக்கு 1/60. படத்துக்கு அஷ்டமியே அழகு, ஏனென்றால் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். பௌர்ணமியில் நிழலே இருக்காது. 2000 மி.மீ.யில் நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு வரும், 960-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். தன் அகலத்தை நிலா இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும், ட்ரைபாடில் வைத்தாலும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடலிலிருந்து எழும் சிவந்த நிலா மங்கலானது, 1/250 போதாது, தெளிவும் கிடைக்காது. அது வேறு வகைப் படம்.

நெல்லிக்குப்பம் வாசகர்: 16 மெகாபிக்சலா, 20 மெகாபிக்சலா?

உளுந்தளவு சென்சாரில் இரண்டும் ஒன்றுதான். 16 எடுங்கள், ஃபைலாவது சிறிதாக இருக்கும்.

தேவனாம்பட்டினம் வாசகி: ஐப்பசி, கார்த்திகை மழையில் போன வருடம் லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. எப்படிக் காப்பது?

ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வளராது. 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வளரும். காற்றுப் புகாத மளிகை டப்பா ஒன்று, 200 கிராம் சிலிகா ஜெல், உள்ளே வைக்க ஒரு சிறு ஈரப்பதமானி. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் சிறு தீயில் பழைய நிறம் வரும்வரை வறுங்கள், அதன்பின் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அரிசி மூட்டைக்குள் வைப்பது வெறும் மாவுத் தூசியைத்தான் சேர்க்கும். அந்துருண்டையும் வேண்டாம். தோல் உறையோடு பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்குத் தோல் பிடித்த உணவு. எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது ஜிப் கவரில் போட்டு அரை மணி நேரம் விட்டால் கண்ணாடியில் வேர்க்காது.

லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி: செகண்ட் ஹேண்டில் நிக்கான் பி900 வருகிறது. வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

2015-இல் வந்த கேமரா. அதே 24–2000 மி.மீ. லென்ஸ், 899 கிராம். பி950-இல் இருக்கும் ரா ஃபைலும் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) 4கே வீடியோவும் இதில் இல்லை. ஜேபெக் படத்தை அப்படியே வைத்துக்கொள்பவர் என்றால் அது குறையாகத் தெரியாது.

பகலில் போய்ப் பாருங்கள், உங்கள் மெமரி கார்டோடு. ஜூமை முழுக்க நீட்டி, சுருக்கி, பத்து முறை செய்யுங்கள். சத்தம் ஒரே சீராக வர வேண்டும், நடுவில் தயங்கக் கூடாது. வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ முழு ஜூமில், அப்பர்ச்சரை எஃப்/8-இல் வைத்து எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் வட்டம் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் அதைத் துடைக்க முழுவதையும் பிரிக்க வேண்டும். விலையைக் குறைப்பதைவிட விட்டுவிடுவது மேல். செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கல் என்றால் கேமரா கீழே விழுந்து லென்ஸ் கோணியிருக்கிறது. போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்தால் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும்.

பேட்டரியை மேசைமேல் வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரம்போல் சுற்றினால் உப்பியிருக்கிறது. பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் இங்கே வாரண்டி எடுபடாது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கேமராவை அணைத்துவிட்டு மெதுவாக ஆட்டும்போது உள்ளே லேசாக ஏதோ அசைவதுபோல் கேட்டால் பயப்பட வேண்டாம், அது நடுக்கத் தடுப்புக் கண்ணாடி. ஆன் செய்ததும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.